மாப்பிள்ளைக்கு இரண்டு கடிகாரம்

பிரேமலா இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஒரு கத்திரிக்காய்கூட வாங்கியவள் இல்லை. ஜொகூர் பாருவை ஒட்டிய உலு திராமில் அவள் குடியிருக்கும் தெருவில் யார் வீட்டுக்கு ஐஸ் பெட்டி வாங்கினாலும், ரைஸ் குக்கர் வாங்கினாலும், முதலில் அவளைத்தான் காரில் ஏற்றிக்கொள்வார்கள். கடைக்குள் போனதும் இரண்டு பொருளையும் இழுத்து அருகருகே வைக்கச் சொல்வாள். கதவைத் திறப்பாள், மூடுவாள், ரப்பரை விரலால் அமுக்குவாள், பின்பக்கம் குனிந்து ஒயரைப் பார்ப்பாள். விற்கிறவன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். கடைசியில் அவள் கை காட்டுவதுதான் வீட்டுக்கு வரும், வந்தது பழுதானதாக இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

இந்தப் பழக்கம் தொழிற்சாலையில் வந்தது. படிப்பை முடித்த கையோடு வேலைக்குப் போனவள், குட்டிக் குட்டி மின்சாரப் பலகைகளை மாதிரிப் பலகையோடு வைத்துப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற மேசையிலேயே காலம் தள்ளி, இன்றைக்கு அந்த வரிசைக்கே லீடர். நாற்பதைத் தாண்டியவள். நடுவில் ஒரு கல்யாணமும் ஆனது. லாரி ஓட்டுகிறவர். இரண்டு வருஷம் சேர்ந்து இருந்தார்கள். ஒத்துவரவில்லை, கோர்ட்டுக்குப் போய்ப் பிரிந்துவிட்டார்கள். அதை அவள் மறைத்ததும் இல்லை, அழுததும் இல்லை.

"கல்யாணத்துல மட்டும்தான் லா பக்கத்துல வச்சுப் பாக்க இன்னொருத்தன் இல்லாமப் போய்ட்டான்" என்று தானே சொல்லிச் சிரிப்பாள். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அவள் அப்படியே நம்பினாள். தெருவில் வளைகாப்பு என்றால் முன்னால் நிற்பாள், மஞ்சள் நீராட்டு என்றால் தட்டு எடுப்பாள். அவளை யாரும் தள்ளி நிற்கச் சொன்னதில்லை. தான் தள்ளி நிற்க வேண்டியவள் என்று அவளுக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை. பலகையில் தலைமயிர் அளவு விரிசல் இருந்தாலும் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு, சொந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போனதை என்ன சொல்ல!

வீட்டில் இருந்தது அவள் தங்கை மலர். அக்காவுக்கும் தங்கைக்கும் வயது வித்தியாசம் அதிகம். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது மலர் ஆரம்பப் பள்ளியில் இருந்தாள். அவளுக்குத் தலை பின்னிவிட்டது, பள்ளிக்கு அனுப்பியது, ஜொகூர் பாருவில் பல் மருத்துவரின் கிளினிக்கில் வேலைக்குச் சேர்த்துவிட்டது எல்லாம் பிரேமலாதான். இப்போது அவளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. பெயர் ரூபேந்திரன், ஊர் சிகாமட். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய் சிங்கப்பூரில் வேலை பார்க்கிற பையன். நல்ல குணம். பிரேமலாவைப் பார்த்த முதல் நாளிலிருந்தே வாய் நிறைய "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறான்.

நிச்சயதார்த்தத்தில் பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளைக்குக் கடிகாரம் கட்டுவது அந்தக் குடும்பங்களின் வழக்கம். பெண்ணின் அண்ணனோ தம்பியோ சபை நடுவில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கட்ட வேண்டும். அதோடு 'இனி இவன் எங்கள் வீட்டுப் பிள்ளை' என்று ஆகிவிடும். மலருக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. "நான் இருக்கேன்ல, நான் கட்டறேன்" என்றாள் பிரேமலா. மலர் "சரிக்கா" என்றாள். பேச்சு அத்துடன் முடிந்தது. அக்காவுக்கு இதில் ஒரு பெருமை இருந்தது. தலை பின்னிய கைக்கு, இத்தனை வருஷம் சோறு போட்ட கைக்கு, சபையில் கிடைக்கப்போகிற ஒரே மரியாதை அது. அதற்காகத்தான் நிச்சயதார்த்தம் வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவள் ஏங்கிக்கொண்டு கிடந்தாள்.

கடிகாரம் வாங்க அக்காவும் தங்கையும் சேர்ந்தே போனார்கள். பேரங்காடியில் ஒரு சீன அம்மாவின் கடை. பையனுக்கு ஸ்டாப்வாட்ச் வைத்த கடிகாரம்தான் பிடிக்கும் என்று மலர் சொல்லியிருந்தாள். முகத்துக்குள்ளே மூன்று குட்டி வட்டங்கள், பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் வைத்து வருமே, அந்த வகை. பெரிய பேர் போட்ட கடிகாரம் எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே இருக்கட்டும், நமக்குக் கைக்கு எட்டுகிற விலையில் பேட்டரியில் ஓடுவது போதும் என்று இரண்டை எடுத்து வைத்தார்கள். ஒன்று நீல முகம், எஃகுச் சங்கிலி. மற்றது வெள்ளை முகம், பழுப்புத் தோல் வார். விலை ஏறத்தாழ ஒன்றுதான்.

பிரேமலா இரண்டையும் பக்கத்தில் வைத்தாள். வைத்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டிலும் நீளமான வினாடி முள் பன்னிரண்டைப் பார்த்தபடி அசையாமல் நின்றது.

"அலமாக்! செத்துப்போன கடிகாரத்தையா எடுத்து வைக்கிறாங்க?" என்றாள்.

கடைக்கார அம்மா சிரித்துவிட்டாள். "தா ரோசாக் லா, காக்" என்று மலாயில் சொன்னாள். கெட்டுப்போகவில்லையாம். நீள முள் ஸ்டாப்வாட்சுக்கு மட்டும்தானாம், பொத்தானை அமுக்கினால்தான் ஓடுமாம். உண்மையான வினாடி முள் கீழே உள்ள குட்டி வட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கொசுக் கால் அளவு முள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது.

அப்புறம் பிரேமலாவைக் கேட்கவா வேண்டும்? இரண்டு கையிலும் இரண்டை எடுத்துக்கொண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அமுக்கினாள். நீலத்தின் முள் வினாடிக்கு ஒரு தாவலாகத் தாவித் தாவிப் போனது. வெள்ளையின் முள் எண்ணெய் விட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. நிறுத்தினாள். பழைய இடத்துக்குப் போகச் சொல்லிக் கீழ்ப் பொத்தானை அமுக்கினாள். வெள்ளை கண்ணிமைப்பதற்குள் டக்கென்று பன்னிரண்டுக்குத் தாவியது. நீலம் விறுவிறுவென்று சுற்றிப் போய் நின்றது. பொத்தானின் அழுத்தமும் வெள்ளையில்தான் நன்றாக இருந்தது. அழகும் வெள்ளைக்குத்தான். வாங்காதவன் கண்ணையும் இழுக்கிற அழகு.

"இதுதான்க்கா" என்றாள் மலர், வெள்ளையைத் தொட்டு.

பிரேமலா இரண்டையும் திருப்பி முதுகைப் பார்த்தாள். நீலம் நீச்சலடித்தாலும் தாங்கும். வெள்ளை மழைத்தூறல் தாங்கும், அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை என்று கடைக்கார அம்மாவே ஒப்புக்கொண்டாள். பிரேமலா கையைக் குவித்து இருட்டாக்கிப் பார்த்தாள். நீலத்தின் முட்கள் பச்சையாக ஒளிர்ந்தன. வெள்ளையில் ஒன்றும் தெரியவில்லை.

"பையன் விடியறதுக்கு முன்னால மோட்டர்ல கெளம்பறான். மழ வந்தா பாலத்துக்கு நடுவுல எங்க ஒதுங்குவான்? தோல் வாரு ரெண்டு மாசத்துல நாறிப் போய்டும். அழக வச்சு என்னடி பண்றது, மணி பாக்க வேணாமா?" என்றாள். மலர் வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீ சொன்னா சரிதான்க்கா" என்றாள். நீலத்தை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

நிச்சயதார்த்தம் வீட்டிலேயே நடந்தது. வாசலில் கேனப்பிப் பந்தல் போட்டு நாற்காலிகள் அடுக்கியிருந்தார்கள். செடெனாக்கிலிருந்து சித்தப்பா காளியப்பன் முதல் நாளே வந்து, சமையல்காரரை விரட்டிக்கொண்டு இருந்தார். நல்ல மனிதர். சபையில் நாலு பேர் முன்னால் பேசத் தெரியாது, அவ்வளவுதான். சிகாமட் ஆட்கள் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். எள் போட்டால் எள் விழாத கூட்டம்.

மாப்பிள்ளையின் பெரியத்தை வெள்ளையம்மாதான் அந்தப் பக்கத்துக்கு எல்லாம். ரூபேந்திரனுக்கும் தாய் தகப்பன் இல்லை, தூக்கி வளர்த்தது அந்த அம்மாள்தான். வந்து இறங்கியதிலிருந்து ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். வெற்றிலையைத் திருப்பினார், வாழைப்பழத்தை எண்ணினார். அதுவரை எல்லாப் பேச்சும் மாப்பிள்ளை மூலமாகத்தான் நடந்திருந்தது; நேரில் பார்த்ததும் பிரேமலாவுக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போயிற்று. நம்மைப் போலத்தான், குறை கண்டுபிடிக்கிற கண் என்று நினைத்துக்கொண்டாள்.

மலர் அறைக்குள் அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்தாள். முதலில் மாப்பிள்ளைக்கு மரியாதை செய்துவிட்டு, பிறகுதான் பெண்ணை அழைத்து வருவார்கள். மாப்பிள்ளைக்கான வேட்டி சட்டையும் கடிகாரப் பெட்டியும் வைத்த தட்டைப் பிரேமலா கொண்டுவந்து மாப்பிள்ளை முன்னால் நின்றாள். அரக்குப் பட்டு, கழுத்தில் அம்மாவின் சங்கிலி. படம் எடுக்கிறவர் எதிரே வந்து நின்றார்.

"இரும்மா, பாத்துக்கறேன்" என்று வெள்ளையம்மா எட்டிப் பெட்டியின் மூடியைத் திறந்தார்.

திறந்தவரின் கை அப்படியே நின்றுவிட்டது. முகம் பேயறைந்த மாதிரி வெளுத்தது.

"ஐயையோ! கடியாரம் நின்னு போச்சே!"

அந்தக் குரலில் மேளக்காரர்கூட வாசிப்பை நிறுத்திவிட்டார். வெள்ளையம்மாவைச் சும்மா குற்றம் சொல்லக்கூடாது. சிகாமட்டில் ஆறு பெருகி வீட்டுக்குள் வந்த வருஷம், சுவர்க்கடிகாரம் தண்ணீர் ஏறிய நேரத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. தண்ணீர் வடிந்த அதே வாரம் அவர் புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அன்றிலிருந்து நின்ற கடிகாரம் என்றால் அந்த அம்மாளுக்கு எமன் வாசலில் நிற்கிற மாதிரி. கொசுக் கால் முள் அவர் கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது? நீள முள் பன்னிரண்டில் நிற்பது மட்டும்தான் தெரிந்தது.

பிரேமலா, "இல்லம்மா, அது நிக்கல…" என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அடுத்த கேள்வி வந்து விழுந்தது.

"இத யாரு கையால வாங்குனது? யாரு கட்டப் போறா?"

"பொண்ணோட அக்கா" என்று யாரோ சொன்னார்கள்.

வெள்ளையம்மா அப்போதுதான் பிரேமலாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "அக்காவா? வீட்டுக்காரரு எங்கம்மா?"

பிரேமலா எப்போதும் சொல்கிற மாதிரியே சொன்னாள். "ஒத்துவரலம்மா. பிரிஞ்சுட்டோம்." ஆனால் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"சரியாப் போச்சு" என்றார் வெள்ளையம்மா. "நல்ல காரியத்துல நிக்க வேற ஆளே கெடைக்கலியா ஒங்களுக்கு? அந்தக் கை பட்டாக் கடியாரம் நிக்காம என்ன செய்யும்?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பிரேமலாவுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி எரிந்தது. ஆனாலும் அவள் நிலைகுலையவில்லை. தொழிற்சாலையில் இதைவிடப் பெரிய வாய்களைப் பார்த்தவள். இந்த அம்மாளுக்கு விஷயம் தெரியாது, பொத்தானை அமுக்கிக் காட்டினால் தீர்ந்தது என்று கடிகாரத்துக்குக் கையை நீட்டினாள்.

அப்போதுதான் சித்தப்பா காளியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. "இருங்க, இருங்க, யாரும் கோவப்படாதீங்க. இன்னொண்ணு இருக்கு. நான் கட்டறேன். நானும் வீட்டுக்காரியும் சேந்து நிக்கறோம்" என்று படபடத்தபடியே ஜிப்பாப் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தார்.

வெள்ளை முகம். பழுப்புத் தோல் வார்.

பிரேமலாவின் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. வெள்ளையம்மா போட்ட போடுகூட அவளை இப்படி ஆக்கவில்லை. எத்தனையோ கடை, எத்தனையோ கடிகாரம். அத்தனையிலும் இந்த ஒன்று சித்தப்பாவின் பைக்குள் எப்படி வந்தது? அவருக்குப் பேரங்காடிக்கு வழிகூடத் தெரியாது. இந்த வெள்ளைக் கடிகாரத்தைப் பற்றி உலகத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி இங்கே தட்டோடு நிற்கிறாள். இன்னொருத்தி அறைக்குள் அலங்காரத்தோடு இருக்கிறாள்.

முந்தாநாளே வாங்கியிருக்க வேண்டும். அதற்கும் முன்னாலேயோ என்னவோ. யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால், வெள்ளையம்மா சிகாமட்டில் வேன் ஏறுவதற்கு முன்னால், இந்தப் பெட்டி தயாராக இருந்திருக்கிறது.

இதற்குள் வெள்ளையம்மா புதுப் பெட்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டார். "அட கடவுளே! இதுவும் நிக்குது!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேவிட்டார்.

காளியப்பன் கடிகாரத்தைத் தூக்கிக் காதில் வைத்தார், உதறினார், மறுபடியும் வைத்தார். இது அவர் கை தொட்ட கடிகாரம். மனைவி மக்கள் பேரன் பேத்தி என்று குறையில்லாமல் வாழ்கிற கை. "நான் ஒண்ணும் செய்யலியே… பொட்டியக்கூட இப்பதான் தெறந்தேன்" என்று மென்று விழுங்கினார். கூட்டம் இப்போது அவரைப் பார்க்க ஆரம்பித்தது. பிரேமலாவின் கை பட்டதால் ஒன்று நின்றது, சரி. இது யார் கை பட்டு நின்றது?

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தான். அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல், மாலை குலுங்கச் சிரித்தான். "பெரியத்தே, ரெண்டும் நல்லாத்தான் ஓடுது. இது ஸ்டாப்வாட்ச் முள்ளு. சும்மா இருந்தா நிக்கத்தான் செய்யும்" என்று இரண்டையும் வாங்கி மடியில் வைத்துப் பொத்தானை அமுக்கினான். ஒன்று தாவியது, ஒன்று வழுக்கியது. நிறுத்தினான், திரும்பப் பன்னிரண்டுக்கு அனுப்பினான். கீழே குட்டி வட்டத்தை வெள்ளையம்மாவின் மூக்குக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய்க் காட்டினான். அந்த அம்மாள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத எதுக்குடா இவ்வளவு சின்னதா வச்சிருக்கான் படுபாவி?" என்றார். கூட்டம் மொத்தமும் சிரித்தது. மேளக்காரர் மறுபடி வாசிக்கத் தொடங்கினார். மலை போல் வந்தது பனி போல் போயிற்று என்று எல்லாருக்கும் நிம்மதி.

பிரேமலாவுக்கு மட்டும் போகவில்லை. "பொண்ணக் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

மலர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அக்கா எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே, "எனக்கு வெள்ளதான்க்கா புடிச்சுது. அதான் வாங்கினேன்" என்றாள்.

"புடிச்சுதுன்னா ஒன் பெட்டியில இருக்கணும். சித்தப்பா பையில எப்படி வந்துச்சு?"

மலர் குனிந்துகொண்டாள்.

"சொல்லு மலரு. என்ன சொல்லிக் குடுத்த அவருகிட்ட?"

"யாராச்சும் ஏதாச்சும் கேட்டா மட்டும் நீங்க கட்டுங்க சித்தப்பான்னு சொன்னேன். யாரும் கேக்கலன்னா ஒனக்குத் தெரியவே தெரியாதுக்கா. எல்லாரு முன்னாலயும் நீ அசிங்கப்படக் கூடாதுன்னுதான்…"

"எனக்கு என்னடி அசிங்கம்?"

மலர் கை வளையலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"வெளிய அந்தம்மா கத்துனது ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நீள முள்ளு நிக்கத்தான் செய்யும்னு ஒனக்குத் தெரியும். எங்கூட நின்னு பாத்தவ நீ. கதவத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"பொண்ணு எப்படிக்கா வெளிய வந்து பேசறது?" என்ற மலர், கண் மையைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எனக்குப் பயமா இருந்துச்சுக்கா. ஒனக்கு நடந்த மாதிரி எனக்கும் ஆயிடக்கூடாதுல்ல."

பிரேமலா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அசிங்கப்படக் கூடாது என்பது பாதி. இதுதான் மீதி. 'அந்தக் கை பட்டா' என்று வெள்ளையம்மா எதைச் சொன்னாரோ அதைத்தான் இவளும் நினைத்திருக்கிறாள். ஒரே தட்டில் சோறு பிசைந்து ஊட்டிய பிள்ளை. காய்ச்சல் வந்தால் அந்தக் கையைத்தான் நெற்றியில் வைத்துக்கொண்டு தூங்குவாள். எத்தனை வருஷமாக இதை மனதுக்குள் வைத்திருந்தாள்? கேட்கலாம். கேட்டால் சொல்லியும்விடுவாள். அதனால் அவள் கேட்கவில்லை. மலரின் முந்தானை மடிப்பைச் சரிசெய்து, கலைந்த மையை விரலால் ஒற்றி எடுத்து, "வா, நேரமாச்சு" என்று கூட்டிக்கொண்டு வந்தாள்.

வெளியே எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். ரூபேந்திரன் நீலக் கடிகாரத்தை எடுத்து பிரேமலாவிடம் நீட்டினான். "மழையில போறவனுக்கு இதான்க்கா சரி. வாங்க, கட்டுங்க" என்று இடது கையை நீட்டினான்.

வெள்ளையம்மா இலேசாகச் செருமினார். முன்போலக் கோபம் இல்லை. ஆனாலும் பழகிய மனம் விடவில்லை. "கடியாரம் நல்லாத்தான் இருக்கு, நான் தப்பா சொல்லிட்டேன். ஆனா மொற ஒண்ணு இருக்குல்ல. சித்தப்பா நிக்கறாரு, அக்காவும் நிக்கறாங்க. பொண்ணே சொல்லட்டும், யாரு கட்டணும்னு" என்றார்.

"சரி, நீயே சொல்லு மலர்" என்றான் ரூபேந்திரன் சிரித்தபடி. அவனுக்கு இது ஒரு விளையாட்டு. பதில் என்னவென்று அவனுக்குச் சந்தேகமே இல்லை.

மலர் சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் வெள்ளைக் கடிகாரத்தின் பெட்டியை வைத்துக்கொண்டு எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நின்றார். வெள்ளையம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

பிரேமலாவின் உள்ளங்கையில் நீலக் கடிகாரம் இருந்தது. கீழ் வட்டத்தில் அந்தக் குட்டி முள் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. மேலே அசையாமல் நின்ற நீள முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"அக்காவே கட்டட்டும்" என்றாள் மலர்.

கைதட்டினார்கள். பிரேமலா கட்டினாள். சங்கிலி சற்றுத் தளர்வாக இருந்தது. "ரெண்டு கண்ணி எடுத்தாச் சரியா இருக்கும் தம்பி, நாளைக்கே கடையில குடுத்து எடுத்துடறேன்" என்றாள். படக்காரர் சிரிக்கச் சொன்னபோது சிரித்தாள். மோதிரம் மாற்றியபோது முன்னால் நின்று பூப் போட்டாள். வந்தவர்களை இலைக்கு உட்காரவைத்து, சாம்பார் வாளியைத் தானே தூக்கிக்கொண்டாள். வாளியிலிருந்து ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

சாப்பாடு முடிந்து வேனுக்குப் போகும்போது வெள்ளையம்மா அவளைத் தேடிக்கொண்டு வந்தார். மலர் பக்கத்தில் வெற்றிலைத் தட்டோடு நின்றிருந்தாள். அந்த அம்மாள் பிரேமலாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"சபையில வச்சு ஒன்ன அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. மனசுல வச்சுக்காத."

"இல்லம்மா" என்றாள் பிரேமலா. "நீங்க நெனச்சத என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டீங்க. அதுல எனக்கு வருத்தமே இல்ல."

வெள்ளையம்மா நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு வேனில் ஏறினார். மலர் வெற்றிலைத் தட்டை நீட்ட மறந்து அப்படியே நின்றாள். வேன் கிளம்பியதும் பிரேமலா கையசைத்துவிட்டு, தங்கையின் பக்கம் திரும்பாமலே, இலை எடுக்கப் போனாள்.